பத்தாவது பெயிலுக்கு ஓடிய மெஷின்கள்

எருக்கம்பாளையம் தொழிற்பேட்டையில் நாற்பத்திரண்டு பட்டறைகள் இருந்தன. நாற்பத்திரண்டுக்கும் முன்னால் ஆளுக்கொரு இரும்புக் கேட் இருந்தது. ஒவ்வொரு கேட்டிலும், வெயிலில் பாதி எழுத்து உதிர்ந்துபோன ஒரு போர்டில், பத்தாம் வகுப்பு தேறியவர்கள் மட்டும் விசாரிக்கவும் என்று எழுதியிருந்தது. அந்த நாற்பத்திரண்டு கேட்டையும் பூங்கோதை பதினோரு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் ஊரிலிருந்த இளைஞர் தொழிற்பயிற்சி மையத்தின் கள அலுவலர். வருடாவருடம் மே மாதம் தேர்வு முடிவு வந்ததும், முப்பத்தைந்து மார்க்கைத் தொட முடியாமல் போன பிள்ளைகளின் பட்டியல் அவள் மேஜைக்கு வரும். அவர்களை எங்கேயாவது ஒரு வருடத்துக்கு அப்ரண்டிசாகச் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அவள் வேலை. அவள் அந்தப் பிள்ளைகளை நாலைந்து பேராகக் கூட்டிக்கொண்டு, முதல் கேட்டில் தொடங்கி நாற்பத்திரண்டாவது கேட் வரைக்கும் நடப்பாள். "பத்தாவது பாஸா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும். "இல்லீங்க" என்பாள். "அப்பறம் பாக்கலாமுங்க" என்று பதில் வரும். அவள் கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, பிள்ளையின் பெயர், மார்க், தேதி, கேட் எண், அவர்கள் சொன்ன பதில் என்று ஐந்து கட்டத்தில் எழுதிக்கொள்வாள். அப்படி எழுதச் சொல்லி மையத்தில் யாரும் கேட்டதில்லை. மூன்று பிள்ளைகளுக்கு பேக்கரியிலோ செல்போன் ரிப்பேர்க் கடையிலோ இடம் கிடைத்தால் அது நல்ல வருடம். தொழிற்பேட்டைக்குள் மட்டும் ஒரு பிள்ளைக்குக்கூடக் கிடைத்ததில்லை.

அப்படியிருக்க, ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாற்பத்திரண்டு பட்டறைகளிலும் மெஷின்கள் நின்றுபோயின.

கரண்ட் இருந்தது. ஃபேன் சுற்றியது, டியூப்லைட் எரிந்தது, டீக்கடையில் ரேடியோ பாடியது. ஆனால் லேத்தின் பச்சைப் பொத்தானை அமுக்கினால் லேத் சும்மா இருந்தது, டிரில்லிங் மெஷினும் சும்மா இருந்தது, இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள டர்னர் மருதாசலம் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து அமுக்கிப் பார்த்தும் சும்மாவே இருந்தது. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு லைனில் குற்றமில்லை என்றார். கோயமுத்தூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு மெஷினில் குற்றமில்லை என்றார். கேட்டுக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு பூசணிக்காய் உடைத்ததில் ரோடு வழுக்கியதே தவிர, வேறொன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை பூங்கோதை வழக்கம்போல வந்தாள். அன்றைக்கு அவளோடு வந்தது ஒரே ஒரு பிள்ளை. பெயர் கோகிலவாணி. மில் வேலைக்குப் போகும் சாந்தாமணியின் மகள். நாலு பாடத்தில் தேறி, கணக்கில் பதினெட்டு வாங்கியிருந்தாள். பதினெட்டு கேட்டில் இல்லையென்று கேட்டுவிட்டு அவர்கள் பத்தொன்பதாவது கேட்டுக்கு வந்தார்கள். அது சென்னியப்பனுடைய பட்டறை. பம்புசெட்டுக்கு ஷாப்ட் கடைந்து கொடுப்பவர். தொழிற்பேட்டைச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான். ஓடாத லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, ஓடற காலத்துலயே எடமில்லைன்னு சொல்ற ஆளு நான். இப்ப மெஷினே படுத்துக் கெடக்குது. அப்பறமா வாங்க, போங்க" என்றார்.

பூங்கோதை நோட்டை எடுத்து 'அப்புறம்' என்று எழுதினாள். அவள் எழுதி முடிக்கும் நேரத்தில் கோகிலவாணி, கடைக்கு வந்த குழந்தை பொம்மையைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அந்தப் பச்சைப் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினாள். லேத் ஓடியது.

சென்னியப்பன் சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, பச்சையைத் தானே அமுக்கினார். ஓடவில்லை. தன் பட்டறை டர்னர் மருதாசலத்தை அமுக்கச் சொன்னார். ஓடவில்லை. "அம்மிணி, நீ அமுக்கு" என்றார். ஓடியது.

"நீ என்ன படிச்சிருக்கற அம்மிணி?"

"பத்தாவது பெயிலுங்க."

சனிக்கிழமைக்குள் ஊருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. பூங்கோதையின் நோட்டில் இருந்த பிள்ளைகளை, இந்த வருடத்துப் பிள்ளைகளையும் போன வருடத்துப் பிள்ளைகளையும் அதற்கும் முந்தின வருடத்துப் பிள்ளைகளையும், வீடு வீடாகப் போய் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிவந்தார்கள். அவர்கள் அமுக்கிய பொத்தானெல்லாம் வேலை செய்தது. மெஷின்களுக்குப் பாஸானவர்களைப் பிடிக்கவில்லை, பெயிலானவர்களைத்தான் பிடித்திருக்கிறது என்று சங்கத்தில் பேசி, மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அனுப்பவேண்டிய சரக்கு இருந்தது.

பெயிண்டர் ஒருவர் ஏணியோடு வந்து, முதல் கேட்டிலிருந்து கடைசிக் கேட் வரைக்கும் போர்டுகளைத் திருத்தி, பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் மட்டும் விசாரிக்கவும் என்று எழுதிக் கொடுத்தார். 'ஏம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பூங்கோதையை 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பழைய டர்னர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிள்ளைகள் பக்கத்தில் நின்று, இவ்வளவு தள்ளு, இவ்வளவு போதும் என்று அளவு சொன்னார்கள்; பிள்ளைகள் அதுபோலவே செய்து, ஆடி முடிவதற்குள் தாங்களாகவே ஷாப்ட் கடைய ஆரம்பித்தார்கள்.

ஊரும் அதற்கேற்ப மாறிக்கொண்டது. பெண் பார்க்கப் போன இடத்தில், மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால், "கணக்குலயும் இங்கிலீசுலயும் பெயிலுங்க, லேத்துல இருக்காரு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கிய மகனைப் பார்த்து, "ஒரு பாடத்துலயாச்சும் உன்னால முடிஞ்சுதா?" என்று ஒரு தகப்பன் கேட்டதை டீக்கடையில் எல்லோரும் கேட்டார்கள். சங்கத்தின் கூட்டத்துக்கு உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கூச்சத்தோடு, எங்கள் பள்ளியால் ஆனதை எப்போதும் செய்துகொண்டுதான் இருக்கிறோம் என்று பேசி உட்கார்ந்தார். ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம் பூசி மாலை போட்டு, புத்தகங்கள் வைக்கும் இடத்தில் அந்த வருடம் மதிப்பெண் பட்டியல்களை அடுக்கி, முப்பத்தைந்துக்குக் கீழே இருந்த எண்களின்மேல் பார்த்துப் பார்த்துக் குங்குமம் வைத்தார்கள்.

சில விஷயங்கள் மட்டும் கணக்குக்குள் வராமல் நின்றன. ஜெராக்ஸ் கடையில் இருபத்தெட்டு, இருபத்தொன்று என்று போலி மார்க் அடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு மெஷின் ஓடவில்லை. அது நியாயம் என்றார்கள். ஆள் போதவில்லையென்று ஓர் ஏஜெண்ட் வெளி மாவட்டத்திலிருந்து நிஜமாகவே பெயிலான பதினாறு பிள்ளைகளை வேனில் ஏற்றிவந்தார். அவர்களுக்கு மாலை போட்டு, நேராகப் பட்டறைக்குள் அழைத்துப்போய்ப் பொத்தானில் கை வைக்கச் சொன்னார்கள். ஒன்றுகூட ஓடவில்லை. 'வெளியூர் பெயில் இங்கே செல்லாது' என்று மினிட் புத்தகத்தில் எழுதினார்கள். இதற்கு நேர்மாறாக, பி.ஈ. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த மோகன்ராஜ் என்ற பையனுக்கு மில்லிங் மெஷின் பட்டென்று ஓடியது. சங்கத்தார் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"தம்பிக்கு எத்தனை அரியரு?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"சும்மா சொல்லு தம்பி, நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

"சத்தியமா இல்லீங்க. எழுபத்தெட்டு பர்சண்ட்டுங்க."

"கூச்சப்படறான்" என்றார் சென்னியப்பன். அஞ்சு அரியர் என்று எழுதிக்கொண்டார்கள்.

கார்த்திகை மாதம் சென்னியப்பனுக்கு ஒரு பயம் வந்தது. பெயிலான பிள்ளைகள் மறுபடியும் தேர்வு எழுதலாம். எழுதினால் சில பேர் பாஸாகிவிடலாம். பாஸான கையை மெஷின் ஏற்காது. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு நாலு என்று நாற்பத்திரண்டு பட்டறையும் படுத்துக்கொள்ளும். சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது: அப்ரண்டிசாக இருக்கும் பிள்ளைகளின் அசல் மதிப்பெண் பட்டியலெல்லாம் சங்கத்தின் பீரோவில் இருக்கட்டும். அசல் இல்லாமல் தனித்தேர்வுக்கு விண்ணப்பம் போட முடியாது. பெற்றோர்களிடம் கையெழுத்து வாங்கும் பொறுப்பைப் பூங்கோதைக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அவளிடம்தான் மறுபேச்சில்லாமல் கொடுப்பார்கள் என்று பீரோவின் சாவியையும் அவளிடமே கொடுத்தார்கள்.

அவள் வாங்கிக்கொண்டாள். அதைப் பற்றி அவள் நிறைய யோசிக்கவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளுடைய பட்டியலில் ஒரு பெயர்கூட மிச்சமில்லை; மையத்தில் சுவரில் தொங்கிய அட்டவணையில் அவள் பெயருக்கு நேராக நூறு என்று எழுதியிருந்தது. கோகிலவாணியின் அம்மா சாந்தாமணி, மில்லிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து, படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

தை பிறந்து ஐந்தாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், கோகிலவாணி சங்க அலுவலகத்துக்கு வந்து, பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூங்கோதையின் முன்னால் நின்றாள். பாவாடை தாவணியில் வந்தவள் இப்போது காக்கிச் சட்டையில் இருந்தாள். கையில் வழுவழுவென்று எண்ணெய்.

"அக்கா, என்ர மார்க் ஷீட் வேணுமுங்க."

"எதுக்கு கண்ணு?"

"கணக்கு எழுதோணும். இருபதாந்தேதி கடைசி நாளு."

பூங்கோதை சாவியை எடுக்கவில்லை. "எழுதிப் பாஸாயிட்டா?"

"ஆயிருவனுங்க்கா. போன தடவ பரிச்சைத் தாளோட கிராஃப் தாளைக் கட்டற நூலு அந்துபோச்சுன்னு பாதி நேரம் அதையே கட்டிட்டு ஒக்காந்திருந்தேன். தெரியாம இல்ல."

"நான் அதைக் கேக்கலை. பாஸாயிட்டா லேத்து?"

கோகிலவாணி கையைச் சட்டையில் துடைத்தாள். "ஐ.டி.ஐ.ல சேரோணும்னா பாஸாகோணும். நாளைக்கு வேற ஊர்ல வேலைக்குப் போகோணும்னாலும் பாஸாகோணும். வேற ஊரு மெஷினெல்லாம் எப்பவும்போலத்தானுங்களே ஓடுது?" கொஞ்சம் நிறுத்தி, "அதில்லீங்க்கா. மெஷின் ஓடறதுக்கோசரம் நான் சாகற வரைக்கும் பெயிலாவே இருக்கோணுமாக்கும்?" என்றாள்.

பூங்கோதை அன்றைக்குப் பீரோவைத் திறக்கவில்லை. மறுநாள் சாந்தாமணி வந்தாள்.

"குடுத்துராதீங்க்கா. அவ அப்பன் போனதுக்கப்பறம் இந்த ஒரு வருசந்தான் நான் ராத்திரி ஷிப்டு போகாம இருக்கறேன். ஓடற மெஷினை நிறுத்தறதுக்கு யாராச்சும் பரிச்சை எழுதுவாங்களா? புத்தி சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் பூங்கோதை.

பதினோரு வருடமாக அவள் கேட்டுக்குக் கேட் நின்று, இந்தப் பிள்ளைக்கு மார்க் குறைவுதான், ஆனால் என்று ஆரம்பித்துப் பேசிய பேச்சுகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மார்க் குறைவாகவே இருக்கட்டும் என்று பேச அவளுக்குப் பழக்கமில்லை. இருபதாந்தேதி காலையில் சங்க அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மா போனதும், பீரோவைத் திறந்து, நூற்றுப்பதினேழு பட்டியல்களில் ஒன்றை உருவி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கோகிலவாணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு சேவை மையத்துக்குப் போய், வரிசையில் நின்று விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தாள். இறங்கும்போது கோகிலவாணி, "உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துராதுங்களே?" என்று கேட்டாள்.

"வந்தா வருது. எனக்குக் கேட்டு ஏறி எறங்கறது புதுசா?" என்றாள் பூங்கோதை.

ஏப்ரலில் தேர்வு. ஹால் டிக்கெட்டை டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்துக்கொண்டு, வயிற்றுவலி என்று அரை நாள் லீவு சொல்லிப் போன கோகிலவாணி, மத்தியானமே திரும்பிவந்து எட்டு ஷாப்ட் கடைந்தாள். வைகாசி பிறந்த வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை முடிவு வந்தது.

அன்றைக்குத் தொழிற்பேட்டையே விழாக்கோலமாக இருந்தது. புதிதாகப் பெயிலான பிள்ளைகளுக்கு வரவேற்பு. பூங்கோதை பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முதல் கேட்டுக்கு வந்தபோது, கேட் திறந்தே கிடந்தது, வாழைமரம் கட்டியிருந்தது, லட்டு கொடுத்து, "வாங்க தங்கங்களா, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பொத்தானின் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு பையன் அமுக்கினான். ஓடவில்லை. அடுத்தவன் அமுக்கினான். ஓடவில்லை. பன்னிரண்டு பேரும் அமுக்கியாயிற்று. இரண்டாம் கேட்டிலும் லட்டு, அங்கேயும் ஓடவில்லை. மூன்றாம் கேட்டிலும் நாலாம் கேட்டிலும் அப்படியே. பழைய பிள்ளைகளுக்கு ஓடுகிற அதே மெஷின், பக்கத்தில் நிற்கிற புதுப் பிள்ளை தொட்டதும் குத்துக்கல்லாக நின்றது.

"இந்த வருசத்துப் பெயிலு சரியில்ல. பேப்பரு லேசாக் குடுத்துட்டாங்களோ என்னமோ" என்றார் ஒன்பதாம் கேட்காரர்.

பதினெட்டுக் கேட் முடிந்தது. நெய்வாசனை அடிக்கும் கையோடு பூங்கோதை வழக்கம்போல நோட்டை எடுத்தாள். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. கேட்டுக்குக் கேட் 'வாங்க' என்றுதான் சொன்னார்கள். அதற்கு அந்த நோட்டில் கட்டமில்லை.

பத்தொன்பதாவது பட்டறையில் சத்தமே இல்லை. லேத் நின்றிருந்தது. கோகிலவாணி கையில் செல்போனோடு நிற்க, சென்னியப்பன் பொத்தானுக்கும் அவளுக்கும் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"பாஸாயிட்டனுங்க்கா. நாப்பத்தி மூணு" என்றாள் கோகிலவாணி. அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மேலே எறிந்த நாணயம் இன்னும் கீழே விழாததுபோல இருந்தது. "மெசேஜ் பாக்கறதுக்கு நிறுத்துனேன். இப்ப மொதலாளி தொட வேண்டாங்கறாரு."

"தொட்டு ஓடலைன்னா ஊரு பூராவும் தெரிஞ்சுபோயிருமுங்க மேடம்" என்றார் சென்னியப்பன். அவர் கோபப்படவில்லை, காய்ச்சல்காரர்போலப் பேசினார். "சாவிய உங்ககிட்டத்தானுங்களே குடுத்தோம்? செரி, அதப் பேசி என்னாகுது. அம்மிணி, நீ ஊட்டுக்குப் போயிரு. ஒடம்பு செரியில்லைன்னு சொல்லிக்கறேன். போ சாமி."

பூங்கோதை ஸ்டூலில் உட்கார்ந்தாள். மடியில் நோட்டு திறந்து கிடந்தது. வலது பக்கம் இந்த வருடம், வெறும் கட்டங்கள். இடது பக்கம் போன வருடம். அதில் கோகிலவாணி என்ற பெயருக்குக் கீழே பதினெட்டு வரியும், பத்தொன்பதாவது வரியில் 'அப்புறம்' என்ற சொல்லும் இருந்தன. அவள் ஒரு பக்கம் பின்னால் போனாள். மோகன்ராஜ், பி.ஈ. வேலை கேட்டு மையத்துக்கு வந்த அவனையும் அவள் ஒருநாள் கூட்டிக்கொண்டு நடந்திருந்தாள். 'ரொம்பப் படிச்சவங்க நமக்கு ஒத்துவராது' என்று அதே பதில் ஏழெட்டுக் கேட்டுக்கு நேராக இருந்தது. அரியர் இல்லாதவன். வேனில் வந்த பதினாறு பேரைத் தேடினாள். அவர்கள் இல்லை. அவர்களை இங்கே எந்தக் கேட்டிலும் யாரும் போகச் சொல்லவில்லை. மாலை போட்டு நேராக உள்ளே அழைத்துப்போனார்கள். இன்றைக்கு வந்த பன்னிரண்டு பேரும் இல்லை.

"கண்ணு, பொத்தானை அமுக்கு" என்றாள்.

"நின்னுருச்சுன்னா?"

"நின்னா, நாளைக்கு ஒண்ணாம் கேட்லேருந்து ரெண்டு பேரும் நடப்போம்."

கோகிலவாணி சென்னியப்பனின் கைக்குக் கீழே குனிந்து போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். லேத் ஓடியது. நேற்று ஓடியதுபோலவே ஓடியது.

சென்னியப்பன் அவள் செல்போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "நாப்பத்தி மூணுதான் போட்டிருக்குது. கூட்டல் தப்பா இருக்குமோ? மறுகூட்டலுக்குப் போட்டா ஒரு பத்து கொறைய வாய்ப்பிருக்குதுங்களா?"

"நிறுத்து கண்ணு" என்றாள் பூங்கோதை. லேத் நின்றது. அவள் எழுந்து, லட்டு ஒட்டிய விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, பச்சைப் பொத்தானை அமுக்கினாள். பதினோரு வருடத்தில் அவள் இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு மெஷினையும் தொட்டதில்லை. லேத் ஓடியது.

"மேடம்... நீங்க பி.ஏ.ங்களே?"

"ஃபர்ஸ்ட் கிளாசுங்க."

"அப்பறம் எப்படி?"

அவள் நோட்டை அவர் கையில் கொடுத்தாள். "இதுல பேரு இருக்கறவங்களுக்கும், அவங்களோட கேட்டுல நின்ன எனக்குந்தான் ஓடுதுங்க. மார்க்கு அதுக்குத் தெரியாது. போகச் சொன்னது தெரியுது."

சென்னியப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கேட் பத்தொன்பது என்று வருகிற வரிகளை மட்டும் தேடித் தேடிப் படித்தார். அப்புறம் பார்க்கலாம். இடமில்லை. பெண் பிள்ளைகளுக்கு இங்கே வசதி இல்லை. இவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது. அப்புறம். அப்புறம். நாளைக்கு வா. நேற்றே வந்திருக்க வேண்டும். அப்புறம். பதினோரு வருடம் படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் லேத் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பிள்ளைகளும் சுவரோரமாக லட்டைக் கையில் வைத்தபடி நின்றார்கள்.

அவர்களில் ஒரு பெண், காதில் சிவப்புக் கம்மல் போட்டவள், மெதுவாகக் கேட்டாள்: "அப்ப எங்களை இப்ப வெளிய போகச் சொல்லிருவீங்களாங்க?"

கேட்டது நியாயமான கேள்விதான். அதுதான் சுலபமான வழியும். ஒரு வார்த்தை சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டுக்கொண்டால் போதும். சென்னியப்பன் வாயைத் திறந்தார். பதினோரு வருடமாக எச்சில் விழுங்குவதுபோலத் தானாக வந்த வார்த்தை அது. பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க இங்கயே இருங்க சாமி" என்றார். பிறகு பூங்கோதையின் பக்கம் திரும்பினார். "திங்கக்கெழமைக்கு முன்னூறு ஷாப்ட் போகோணுமுங்க. இந்தப் பொண்ணு ஒருத்தியால ஆகாது. எனக்கு ஓடுச்சுன்னா நானும் நிப்பேன், இவங்களும் பக்கத்துல நின்னு பாத்துப் பழகிக்குவாங்க. என்ர பேரை எழுதுங்க அதுல."

"சும்மா எழுதுனா ஓடாதுங்க. ஜெராக்ஸ் கடையில போலி மார்க் அடிச்சுட்டு வந்தவங்களுக்கு ஓடலியே."

"தெரியுதுங்க. முறையாவே எழுதுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேட்டை வெளியிலிருந்து சாத்தினார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கேட்டை இரண்டு தட்டுத் தட்டினார். அந்தக் கேட் தட்டினால் எப்படிச் சத்தம் போடும் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோகிலவாணி லேத்தை நிறுத்தி, பனியன் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். முழுதாகத் திறக்கவில்லை. ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"என்னங்க?"

"வேலை இருக்குமுங்களான்னு..."

"பத்தாவது பாஸா?"

"பாஸுங்க. முன்னூத்திநாலு."

அவள் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். அவருடைய நரைத்த மீசையைப் பார்த்தாள், பார்வையை அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். போன வருடம் அவளையும் அப்படித்தான் யாரோ பார்த்திருக்க வேண்டும்.

"வயசாயிருச்சுங்களே. அப்பறம் பாக்கலாமுங்க."

சென்னியப்பன் அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டுப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்; உள்ளே லேத் ஓடும் சத்தம் கேட்டது. பூங்கோதை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, சென்னியப்பன், முன்னூற்றுநாலு, வெள்ளிக்கிழமை, கேட் பத்தொன்பது, அப்புறம் என்று ஒவ்வொரு கட்டமாக நிதானமாக எழுதினாள்.

கேட் பூட்டவில்லை. தள்ளினால் திறந்திருக்கும், அது அவருடைய கேட். அவர் தள்ளவில்லை. உச்சி வெயிலில், நிழல் இல்லாத அந்த இடத்தில், முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட நின்றிராத அந்த இடத்தில், ஏதோ ஞாபகம் வராதவர்போல நின்றார். பிறகு, பத்தொன்பதாம் கேட்டில் இல்லையென்று கேட்டவர்கள் எப்போதும் செய்வதுபோல, தலையைக் குனிந்துகொண்டு இருபதாம் கேட்டுக்கு நடந்தார்.